அந்தப் பாட்டில் இரண்டாவதாகக் கேட்கிற குரல்

அன்புள்ள நைனா,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதைப் போடுவது என்று தெரியவில்லை. உன் மேல் அன்பே இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. ஆகையால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நீ கண்ணை மூடியபின் இங்கே பெரிதாக ஒன்றும் மாறவில்லை. நகரியில் நம் தெருவில் விடிந்ததும் விசைத்தறிகள் ஆரம்பித்துவிடுகின்றன. பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுவதற்கும் கத்தத்தான் வேண்டும். நான் இன்னும் புத்தூர் - சித்தூர் பஸ்ஸில் கண்டக்டர்தான். விசில் ஊதியும் கத்தியும் என் குரல் உன் குரலாகவே ஆகிவிட்டது. அம்மாவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. இப்போது என் காக்கிச் சட்டையில் இருக்கிற கறையெல்லாம் அவளுக்குத் தெரிகிறது.

புதிய செய்தி ஒன்றே ஒன்றுதான். நீ பேர் வாங்கிவிட்டாய். உன் போட்டோ போட்டு திருப்பதியில் பேனர் கட்டினார்கள். அதைக் கிழித்தது நான். ஏன் கிழித்தேன் என்று உனக்குச் சொல்லவேண்டும். உன்னைப் பற்றி முன்பின் தெரியாதவர்களெல்லாம் இண்டர்நெட்டில் நல்லபடியாக எழுதிவிட்டார்கள். அவர்களும் இதைப் படிக்கட்டும்.

உன் ரெக்கார்டுப் பெட்டி ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்கமாட்டேன். எங்களை மறந்தாலும் அதை நீ மறந்திருக்கமாட்டாய். ரேணிகுண்டாவில் ரயில்வேயில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறும்போது உன்னிடம் கொடுத்துவிட்டுப் போன பெட்டி. எல்லாம் அறுபதுகளில் வந்த சின்ன ரெக்கார்டுகள். நடுவில் பெரிய ஓட்டை. நம் மிஷினில் உட்காராது என்று பழைய தறிக்கட்டையில் வட்டம் செதுக்கி அந்த ஓட்டையை அடைத்தாயே, அந்தப் புத்தி யாருக்கு வரும்? அந்த ஒரு விஷயத்தில் உன்னைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அமெரிக்காவில் கறுப்பினத்தார் பாடியது, மூன்று பெண்கள் கை தட்டிக்கொண்டே பாடியது, ஓர் ஆள் அழுதுகொண்டே பாடியது என்று என்னென்னமோ அதில் இருந்தன. பாப், சோல் என்று இப்போது எனக்கு வகை தெரியும். அப்போது நம் தெருவுக்கு எல்லாமே 'இங்கிலீஷ் பாட்டு'. கார்வேட்டிநகரத்திலிருந்து வெதுருகுப்பம் வரைக்கும் எந்த மைக் செட்காரனிடமும் இல்லாத சரக்கு. விநாயகர் பாட்டு ஒன்று போட்டுவிட்டு, அடுத்ததாக நீ இங்கிலீஷ் பாட்டு போட்டால் கல்யாணப் பந்தலே எழுந்து ஆடும்.

வீட்டில் நீ எப்போது அதைப் போடுவாய் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அமாவாசை அன்று நெசவுக்காரர்களுக்கு லீவு. தறி ஓடாது. மற்ற நாள் நம் தெருவில் ஒருத்தி கிணற்றில் விழுந்து கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அமாவாசை அன்று மட்டும் எதிர்வீட்டில் தாளிக்கிற சத்தம் நம் வீட்டுக்குள் கேட்கும். மற்ற நாளில் அம்மாவை அடிப்பதற்கு உனக்குத் தறிகள் துணை இருந்தன. அமாவாசைக்குத்தான் உனக்குப் பாட்டு வேண்டியிருந்தது.

வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவாய். யாராவது எட்டிப் பார்த்தால், "ஒண்ணுமில்ல, செட்டு டெஸ்டிங்" என்பாய். உள்ளே வந்து ரெக்கார்டை வைத்து, முள்ளை இறக்கி, சவுண்டைத் திருப்பிவிட்டு, அப்புறம் பெல்ட்டை அவிழ்ப்பாய். ஒவ்வொரு அமாவாசைக்கும் அதே ரெக்கார்டுதான். பேர் எழுதிய காகிதம் கிழிந்துபோன, யாரோ ஒரு பொம்பளை பாடிய பாட்டு. குழம்பில் உப்பு கூடினதற்கு ஒரு முறை. உன் தங்கச்சி வந்தபோது எழுந்து நிற்காததற்கு ஒரு முறை. காரணம் கேட்டதற்கு ஒரு முறை. நான் அடுப்பு மூலையில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெளியே பிள்ளைகள் ஆடிக்கொண்டிருப்பார்கள். எதிர்வீட்டுக் கன்னியம்மா மெதுவாக வந்து தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அதே நாளில்தான் நீ கேசட்டும் எடுப்பாய். ரெக்கார்டு தேய்ந்துவிடும் என்று அதை வெளியே எடுத்துப் போகமாட்டாய். கேசட்டில் பதிந்து, அதைத்தான் கல்யாணத்துக்கெல்லாம் போடுவாய். பதிவதற்கு உன்னிடம் வேறு சாதனம் இல்லை. வீட்டுக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கருக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து சிவப்புப் பட்டனை அமுக்குவதுதான். தறி ஓடுகிற நாளில் பதிந்தால் தறிச் சத்தமும் சேர்ந்து விழும். ஆகவே அமாவாசை. பதிந்துகொண்டிருக்கும்போதே அம்மா ஏதாவது சொல்லுவாள். பட்டனை நிறுத்த உனக்குப் பொறுமை இருந்ததா?

இப்போது கிரண் கதைக்கு வருகிறேன். திருப்பதிப் பையன், ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பழைய பாட்டு என்றால் உயிரை விடுகிறவன். புத்தூரில் ஒரு பழைய சாமான் கடையில் உன் கேசட் ஒன்று அவனுக்குக் கிடைத்திருக்கிறது. மேலே உன் கையெழுத்தில் உன் பேரும் நகரி என்று ஊரும். அதில் இருந்த ஒரு பாட்டை அவன் இண்டர்நெட்டில் போட்டிருக்கிறான். அவ்வளவுதான், எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் விழுந்தடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தப் பாடகி அந்த ஒரு ரெக்கார்டோடு காணாமல் போனவளாம். கம்பெனியும் மூடிப்போயிற்றாம். யாரும் கண்டுகொள்ளாமல் விட்ட பாட்டாம். உலகத்தில் நாலைந்து பேரிடம்தான் அந்த ரெக்கார்டு இருக்குமாம்.

விசாரித்து விசாரித்து ஒரு மத்தியானம் வீட்டுக்கே வந்துவிட்டான். எனக்கு அன்றைக்கு டியூட்டி இல்லை. அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அமாவாசை வேறு, தெரு அமைதியாக இருந்தது. பையன் பாதி தமிழும் பாதி தெலுங்குமாக மூச்சு வாங்காமல் பேசினான்.

"அக்கா, மீ நான்ன சாலா கிரேட் அக்கா. உங்க நைனா ரொம்பப் பெரிய ஆளு. இந்தப் பாட்டு மத்தவங்க கிட்டயும் கீது. ஆனா இந்த கேசட்ல மட்டும் ரெண்டாவதா ஒரு லேடி வாய்ஸ் வருது. வேற எந்த ரெக்கார்டுலயும் அது இல்ல. பின்னாடிலருந்து வந்து, கரெக்டா அவ மேல போற எடத்துல இவளும் சேர்ந்து மேல போறா. கேட்டா உடம்பு சிலுத்துக்கும். யாரு பாடினதுன்னு யாருக்குமே தெரியல. ஒரிஜினல் ரெக்கார்டு ஒங்க கிட்ட கீதா?"

சொல்லிக்கொண்டே போனை எடுத்துப் பாட்டைப் போட்டான். முதலில் முரசு. பிறகு அந்தப் பொம்பளைக் குரல். எனக்குக் கை தானாகக் காதுக்குப் போயிற்று. இத்தனை வயதில், காக்கி போட்டு ஆம்பளைகளைப் படிக்கட்டிலிருந்து இறக்கிவிடுகிற பொம்பளை நான், அடுப்பு மூலையில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டேன். அப்போதுதான் கேட்டது, நைனா. பாட்டுக்குப் பின்னால், அறைக்குள்ளிருந்து, இன்னொரு குரல்.

அம்மாவின் கை கீரையில் நின்றுவிட்டது.

"அது நான்டா" என்றாள்.

கிரணுக்கு முகமெல்லாம் பல். "அம்மா, மீரே பாடாரா? நீங்களா பாடினீங்க?"

"பாடல. அடி வாங்கினேன்."

அவனுக்குப் புரியவில்லை. அம்மா கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, ரேஷன் கடையில் என்ன கொடுத்தார்கள் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "வெளிய சத்தம் கேட்டுதுன்னா இன்னும் சேர்த்து வுழும். அதனால பல்லக் கடிச்சிக்கினு இருப்பேன். அந்தப் பொம்பள கத்தற எடம் வரும் பாரு, அப்ப மட்டும் நானும் கத்திக்குவேன். அவ சத்தத்துல என் சத்தம் தெரியாது. எந்த எடத்துல கத்துவா, எவ்ளோ நேரம் கத்துவான்னு எனக்கு அத்துப்படி. அவ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன்."

நான் அவன் போனைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கப் போனேன். "சாரி அக்கா, சாரி அம்மா, இப்பவே தூக்கிடறேன், எல்லாத்தையும் டெலீட் பண்ணிடறேன்" என்றான். கண்ணில் தண்ணீர் வேறு.

"எதுக்குத் தூக்கற?" என்றாள் அம்மா.

"இன்னாம்மா பேசற? ஊரே கேக்குது, நாறிப்பூடும்" என்று கத்தினேன்.

"ஊருக்குத் தெரியாததா? ஏ வசந்தி, இந்தத் தெருவுல யாருக்குடி தெரியாது? வேற ஊர்க்காரனுங்களும் தெரிஞ்சிக்கட்டும். தம்பி, நீ அத எடுக்காத. எங்க ஊட்டுக்காரர் பேரப் போட்டுக்கீறயே, அத எடு. பாட்டுல கீறது நானு. என் பேரு சரோஜா. கூட அடி வாங்கினவ சரோஜான்னு போடு."

இரண்டு நாள் நானும் அவளும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு அதை அழித்துவிட வேண்டும். தோண்டிப் புதைக்க வேண்டும். அவளுக்கோ அதில் தன் பேர் வேண்டும். யார் பக்கம் நியாயம்? நான் அவளுக்காகக் கோபப்பட்டேனா, எனக்காகவா? பஸ்ஸில் சில்லறைக்காக ஒரு கிழவரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு இறங்கும்போது, அவள் குரலுக்கு நான் யார் பூட்டுப் போட என்று தோன்றியது.

ஒன்று கேட்கிறேன், நைனா. அந்தக் கேசட்டை நீ கேட்டிருப்பாய். உன் காது ஊரறிந்த காது. முள்ளில் தூசி இருந்தால் தெருமுனையிலிருந்து சொல்லுவாய். அவள் குரல் அதில் விழுந்திருப்பது உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும்தான் அதைக் கல்யாணத்துக்குப் போட்டாயா? தாலி கட்டி முடிந்த பெண்ணும் மாப்பிள்ளையும் அதைக் கேட்டுக்கொண்டே பந்தியில் உட்கார்ந்தார்களா? கடைசிக் காலத்தில் உனக்குக் காது சுத்தமாகக் கேட்காமல் போனபோது அம்மா வாயசைவிலேயே உன்னிடம் பேசி, கஞ்சி ஊட்டி, துடைத்துவிட்டாளே, அப்போது ஒரு தரமாவது அதை நினைத்தாயா?

கிரண் திருப்பதியில் ஒரு சின்ன ஹாலில் கூட்டம் வைத்தான். மறந்துபோன பழைய பாட்டுகளைக் கேட்கிறவர்கள், ஐம்பது அறுபது பேர். பரணிலிருந்து நான்தான் அந்த ரெக்கார்டை இறக்கி, அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். வாசலில் உன் பேனர். அவனுக்கு விஷயம் தெரியும் முன்பே நண்பர்கள் அடித்துவிட்டார்களாம். மைக்கைப் பிடித்து நீ சிரிக்கிற போட்டோ, ஊரில் யாருடைய கல்யாண ஆல்பத்திலிருந்தோ வாங்கியது. கீழே 'இசையைக் காப்பாற்றிய மனிதர்'. நான் செருப்பைக் கழற்றி அடித்தேன். அது போதவில்லை என்று இழுத்துக் கிழித்தேன். உன் முகம் சரியாக மூக்கோடு இரண்டானது. செக்யூரிட்டி ஓடிவந்தான். "எங்க நைனா, நான் கிழிப்பேன்" என்றேன். ஒதுங்கிக்கொண்டான்.

உள்ளே கேசட் பாட்டைப் போடும் முன் கிரண் எல்லாவற்றையும் சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு, சுருக்கமாக, அம்மா சொன்னபடியே சொன்னான். பாட்டு ஓடியது. இரண்டாவது குரல் வந்த இடத்தில் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். பாட்டு முடிந்தும் யாரும் கை தட்டவில்லை.

அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "தம்பி, ரெக்கார்டப் போடு" என்றாள். "நான் இல்லாத பாட்ட ஒரு தபா கேக்கணும். அந்த எடத்த நான் சரியா கேட்டதே இல்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இடத்தில் அவள் கத்திக்கொண்டிருந்தாள், நான் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் சரியாகக் கேட்காத இடம் அது.

ரெக்கார்டு சுற்றியது. முரசு, கித்தார், குரல். சொன்னால் எரிச்சலாக இருக்கிறது, நைனா, ஆனாலும் சொல்கிறேன். அந்தப் பாட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது. பாடுகிறவள் குரலில் ஒரு கரகரப்பு இருக்கிறது. யாருக்கும் பயப்படாத கரகரப்பு. அது ஏறி ஏறிப் போய் அந்த இடம் வந்தது.

அவள் கத்தவில்லை. சிரிக்கிறாள்.

வயிற்றிலிருந்து, வாய் விட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தால் வருமே, அந்தச் சிரிப்பு.

"நிறுத்து" என்றாள் அம்மா. எழுந்துவிட்டாள். "இன்னாது அது? சிரிக்கறாளா?"

கிரண் தயங்கித் தயங்கி அர்த்தம் சொன்னான். புருஷனுடைய பெட்டியைத் தூக்கித் தெருவில் போட்டுவிட்டாளாம் அவள். அவன் சட்டையெல்லாம் மழையில் நனைகிறதாம். படியில் நின்று பார்த்துச் சிரிக்கிறாளாம். பாட்டே அதுதானாம்.

"அவளையும் எவனோ போட்டு அடிக்கறான்னு இல்ல நெனச்சேன்" என்றாள் அம்மா. "எனக்கு ஒரு தொண கீதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். பாவம், அவளுக்கும் இன்னிக்குத்தான் அடியான்னு நெனப்பேன். கடசில சிரிச்சிக்கினா கீறா?" அவள் குரலில் இருந்தது கோபமா, என்னவென்று என்னால் சொல்ல முடியவில்லை. "இன்னொரு தபா போடு" என்றாள். போட்டான். மறுபடியும் போடச் சொன்னாள்.

கடைசியாகப் போட்டபோது அந்த இடம் வந்ததும் அம்மா வாயைத் திறந்தாள். சிரித்தாள். அதைச் சிரிப்பு என்று எழுத எனக்கே பயமாக இருக்கிறது. முகத்தில் ஒன்றும் இல்லை, சத்தம் மட்டும் வந்தது. ஆனால் இடம் தப்பவில்லை. பாட்டுக்காரி ஆரம்பித்தபோது ஆரம்பித்து, அவள் நிறுத்தியபோது நிறுத்தினாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். மறுநாள், அதற்கடுத்த நாள் எல்லாம் வழக்கம்போலச் சமைத்தாள், கீரை ஆய்ந்தாள். அமாவாசைக்குக் காத்திருந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

உனக்குப் படைக்க நான் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் தறி ஓடவில்லை. திடீரென்று கூடத்தில் பெரிய சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் உன் ஆம்ப்ளிபயரை ஒயரைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போகிறாள். நான் பிடிக்கப் போனேன். "கைய வெச்சே, வெட்டிப்புடுவேன்" என்றாள். என்னிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை. ஆம்ப்ளிபயரைப் படியிலிருந்து உருட்டிவிட்டாள். உலக்கையை எடுத்துவந்து அதன்மேல் போட்டாள். ஒரு போடு, இன்னொரு போடு. வால்வெல்லாம் உடைந்து தெருவெல்லாம் கண்ணாடி. உன் இரும்புப் பெட்டி வந்தது, உன் வேட்டி சட்டையெல்லாம் வந்தது, குழாய் ஸ்பீக்கர் சாக்கடை வரை உருண்டு போயிற்று. அதைத் துரத்திப் போய் வாயை நசுக்கினாள். கடைசியில் மாலையோடு உன் படம். அதற்கு உலக்கை வேண்டாம் என்று காலாலேயே மிதித்தாள். குதிகால் கிழிந்து ரத்தம் வந்தது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அந்தப் பெல்ட்டும் பெட்டியில்தான் இருந்தது, நைனா. அதைத் தனியாக எடுத்து ஆம்ப்ளிபயரை அதால் விளாசினாள்.

அத்தனை கதவும் திறந்தது. பாட்டு எதுவும் ஓடவில்லை, தறியும் இல்லை, ஒவ்வொரு அடியும் தெருக்கோடி வரை கேட்டது. கன்னியம்மா தடியை ஊன்றிக்கொண்டு தன் வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா சரோஜா, இன்னா சத்தம் இது?"

அம்மா உலக்கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல கன்னிம்மா. செட்டு டெஸ்டிங்."

கன்னியம்மாவால் உள்ளே போகவும் முடியவில்லை, கதவைச் சாத்தவும் முடியவில்லை. தன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போது அம்மா சிரித்தாள். இந்தத் தடவை வயிற்றிலிருந்து, வாய் விட்டு. வெகுநேரம் சிரித்தாள்.

அந்த ரெக்கார்டை மட்டும் அவள் தொடவில்லை. கிரண் வாங்கிக் கொடுத்த, ஆம்ப்ளிபயரும் சேர்ந்த புது மிஷினில் அதுதான் இருக்கிறது. இன்னொரு குழாய் பரணில் நல்லபடியாகக் கிடந்தது. அதை நான் வேப்பமரத்தில் கட்டிவிட்டேன், தெருப் பக்கமாக இல்லை, உன்னை எரித்த ஏரிக்கரைப் பக்கமாக.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி அமாவாசைக்கு உனக்குச் சோறும் வடையும் வராது. காக்கைக்கு வைப்போம், அது காக்கைக்கு மட்டும். உனக்குப் பாட்டு வரும். தறி நின்றதும் போடுவேன், முழு சவுண்டில். அந்த இடம் வரும்போது இரண்டு பேர் சிரிப்பார்கள். காது கேட்காமல் போனாய் நீ. இதையாவது கேள்.

இப்படிக்கு,
சரோஜாவின் மகள்
வசந்தி